வாசலில் போய் எதற்கு நின்றாள்?

"ஹலோ... ஹலோ, யாமினிக்கா? ... அப்பாடா, எடுத்துட்டியா. நான்தான்க்கா. ... நான்தான், சங்கமித்ரா! சித்தப்பா பொண்ணு குரலே மறந்துபோச்சா உனக்கு? ... ஆ, ஜெய்பீம், ஜெய்பீம். ஏன்க்கா, காலைலேர்ந்து அடிக்கிறேன், எடுக்கவே மாட்ற? ... குக்கரா? காலைலேர்ந்து ஒரே குக்கரா விசில் அடிச்சிக்கினு கீது?"

போன் மேசைமேல் ஸ்பீக்கரில் கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம் பால்ராஜ் மாமா மூச்சுவிடும் சத்தம்கூட வராமல் உட்கார்ந்திருந்தார். தொம்மலூரில் ஒரு பேக்கரிக்கு மேலே இருந்தது அந்த அறை. தங்கவயல் நண்பர்கள் மன்றம். கோலார் தங்கவயலில் சுரங்கம் மூடியபிறகு பெங்களூருக்குப் பிழைக்க வந்தவர்கள் கல்யாணமோ சாவோ காலேஜ் அட்மிஷனோ எதுவானாலும் வந்து கூடுகிற இடம். பால்ராஜ் மாமா அதன் தலைவர். சுவரில் பசை காயாத புது பேனர். அதில் மைக்கைப் பிடித்துக்கொண்டு பாடகர் ஓஸ்வால்ட் சிரித்தார். 'எங்கள் மண்ணின் குரல்' என்று எழுதியிருந்தது. பேனருக்கு எதிரே க்ளென் கேமராவை ஸ்டாண்டில் மாட்டிக்கொண்டிருந்தான்.

"... இல்லக்கா, யாரும் இல்ல. நான் மட்டும்தான் கீறேன். ... எதிரொலியா? ரூம் காலி, அதான் அப்படி கேக்குது."

பொய் அவ்வளவு சுலபமாக வழுக்கிக்கொண்டு வந்தது. மாமா கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

"சரி, நேரா விஷயத்துக்கு வரேன். எனக்குச் சுத்தி வளைக்கத் தெரியாதுன்னு உனக்கே தெரியும். படம் பார்த்தியா? ... எந்தப் படமா! ஊரே பார்த்துட்டு அடிச்சிக்கினு கெடக்குது, நீ எந்தப் படம்னு கேக்குற. ஓஸ்வால்ட் அண்ணனைப் பத்தின டாக்குமென்டரி. மூணு பாகம். ... பாக்கலையா? ஒரு பாகம்கூடவா? ... ஆமா, ஆமா, ஸ்கூல்ல பரீட்சை நேரம். ... பாக்காத. அதான் நல்லது. பார்த்தா வயிறு எரியும்."

அவளுக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. பத்து நாளாக எரிகிறது. தங்கவயல் மாரிக்குப்பத்தில் சுரங்கத் தொழிலாளிகளின் லைன் வீட்டில் பிறந்து, சினிமாவில் பாடி, டிவி போட்டியில் நடுவர் நாற்காலி வரைக்கும் போனவர் ஓஸ்வால்ட். அவர்மேல் நான்கு பெண்கள் படத்தில் குற்றம் சொன்னார்கள். நால்வரும் ஒருகாலத்தில் அவர் குழுவில் கோரஸ் பாடியவர்கள். ஒத்திகை முடிந்ததும் ஒருத்தியை மட்டும் இருக்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துவார் என்றார்கள். மூன்று பேர் முகத்தைக் காட்டிப் பேசினார்கள். நான்காவது பெண்ணின் முகத்தை மங்கலாக்கியிருந்தார்கள். குரலும் அவளுடையதல்ல. அவள் சொன்னதை ஒரு நடிகை பேசியிருந்தாள்.

"இல்லக்கா, நீ கேளு. நாலு பேர் பார்த்தா நாலு கட்சி. என் ரூம்ல அன்னா இருக்கால்ல, மங்களூர்க்காரி, அவ அழுது முடிச்சிட்டு அவர் பாட்டை எல்லாம் போன்லேர்ந்து அழிச்சிட்டா. எங்கம்மா பாதியில டிவியை அணைச்சிட்டு, இந்தப் பேச்சே வீட்ல வேணாம்னுட்டாங்க. ஆபீஸ்ல சுஹாஸ்னு ஒருத்தன். லஞ்ச்ல எல்லார் முன்னாடியும் சொல்றான், 'அவன் எங்கேர்ந்து வந்தான்னு பாருங்க, அப்புறம் எப்படி இருப்பான்'னு. ... ஆமாக்கா, அப்படியே சொன்னான். ... சும்மா விடுவேனா? நானும் அங்கேர்ந்துதான்டா வந்தேன், எப்படி இருக்கேன்னு சொல்லுன்னேன். ... இன்னா சொல்லுவான்? தயிர்சாதத்தை மூடி எடுத்துக்கினு வேற டேபிளுக்குப் போயிட்டான். அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். சுஹாஸ் இந்தப் பக்கம்னா நான் அந்தப் பக்கம்."

பால்ராஜ் மாமா சத்தமில்லாமல் தொடையில் தட்டிக்கொண்டார்.

"யோசிச்சுப் பாரு. அவரோட புது டிவி நிகழ்ச்சி ஆரம்பிக்கப் போற நேரம் பார்த்து ஏன் இந்தப் படம் வருது? காசு போட்டது யாரு? பேசின மூணு பேரும் சின்ன வயசுலேர்ந்து பாட்டு வாத்தியார் வீட்டுக்கே வந்து கத்துக்குடுத்த பணக்காரப் பொண்ணுங்க. நம்மள்ல ஒருத்தன் மேல ஏறிட்டா கீழேர்ந்து காலைப் புடிச்சு இழுக்குறதுக்கு எத்தனை கை வருது பாரு. ... அதெல்லாம் இல்லன்னு உனக்கு எப்படிக்கா தெரியும்? நீதான் படமே பாக்கலையே. ... சரி, சரி. கோச்சிக்காத."

மாமா மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். சீக்கிரம் கேள் என்று அர்த்தம்.

"உன்கிட்ட ஒரே ஒரு உதவி. நாளைக்கு மன்றத்துல பிரஸ் மீட். அறிக்கை நான்தான் எழுதுறேன், டிகிரி படிச்சவ, இங்கிலீஷ் வரும்னு என் தலைல கட்டிட்டாங்க. அதுக்கு உன்கிட்டேர்ந்து ஒரு வீடியோ வேணும். ... இரு அக்கா, முழுசா சொல்ல விடு. நீ நாலு வருஷம் அவர் குரூப்ல பாடின. ரெண்டே வரி. ஓஸ்வால்ட் அண்ணன் எங்களைத் தங்கச்சி மாதிரி பார்த்துக்கிட்டார், அவ்ளோதான். நீ எங்கயும் வர வேணாம். க்ளென் மல்லேஸ்வரத்துக்கே வந்து எடுத்துக்குவான். ... க்ளென்னா, கேமராக்கார பையன், நம்ம லிங்கராஜபுரம் பையன்தான். ... தொண்டை கட்டிக்கிச்சா? நல்லாதானே பேசுற? ... நான் பாட சொல்லலக்கா, பேசத்தானே சொல்றேன்."

போனிலிருந்து வந்த குரல் ஒவ்வொரு பதிலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாகிக்கொண்டே போனது. சங்கமித்ராவுக்கு அது பிடிக்கவில்லை. யாமினி பாட்டு டீச்சர். ஒரு வகுப்பு முழுக்கக் கேட்கும்படிப் பேசுகிறவள்.

"ஏன்க்கா, உன் பேட்ச்சுல நம்ம ஊர்லேர்ந்து போனது மூணே பேர். நீ, பிரிஜெட்டக்கா, ஆஞ்சலாக்கா. அவங்க ரெண்டு பேரும் நேத்தே குடுத்துட்டாங்க, ஒரு கேள்வி கேக்கல. உனக்கு மட்டும் இன்னா? ... யாராவது மிரட்டுனாங்களா? ... அந்தப் படக்காரங்க உன்கிட்ட வந்தாங்களா? ... ஹலோ? ... கேக்குதா? ... வந்தாங்களா, இல்லியா, அதைச் சொல்லு. ... அதுக்கு ஏன் இவ்ளோ நேரம்? இல்லன்னா இல்லன்னு சட்டுனு வரணும்ல?"

மாமாவின் புருவம் ஏறியது. அவர் முன்னால் சாய்ந்து போனுக்கு இன்னும் கிட்டே காதைக் கொண்டுபோனார்.

"உண்மையைச் சொல்லவா? மல்லேஸ்வரத்துக்குப் போனதுலேர்ந்து நீ மாறிட்ட. ஜெய்பீம்கூட மெதுவா சொல்ற, பக்கத்து வீட்ல கேட்டுடும்னு. ... ஆமா, அப்படித்தான் பேசுவேன். அவர் எங்க ஸ்கூலுக்கு வந்தப்போ எங்கப்பா தோள்ல கை போட்டு, 'பொண்ணை நிறுத்தாதீங்க, படிக்க வைங்க'ன்னு சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் எங்கப்பா என்னைக் காலேஜுக்கு அனுப்பினார். உனக்கும் அவர் மேடை குடுத்தார். அதெல்லாம் மறந்துடுமா? ... நினைவிருக்குல்ல? அப்புறம் இன்னா? ... 'நினைவிருக்கு'ன்னு சொல்றியே, அதை ஏன் அப்படிச் சொல்ற?"

அப்போது பால்ராஜ் மாமாவின் பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. பெயரைப் பார்த்ததும் எழுந்து, தொடர்ந்து பேசு என்று கையால் சைகை காட்டிவிட்டு வெளியே படிக்கட்டுக்குப் போனார். எக்ஸ்டென்ஷன் வயர் வாங்கிவர க்ளெனும் கீழே இறங்கினான். அறையில் சங்கமித்ராவும், போனும், பேனரில் சிரிக்கிறவரும் மட்டும் மிச்சம்.

"சரிக்கா, கோவப்படல. ... இல்ல, கத்தல. உனக்கு நம்பிக்கை இல்லன்னா நான் ஒண்ணு படிச்சுக் காட்டுறேன், கேளு. அந்த முகம் மங்கலா வெச்ச நாலாவது பொம்பள. படத்துலயே எல்லாரும் அழுத இடம் அதான். அன்னா அங்கதான் அழுதா. எனக்கு அங்கதான் சந்தேகமே வந்துச்சு. எழுதி வெச்சிருக்கேன், இரு... ஆங், இது. கதவைத் திறந்துக்கினு வெளிய வர்றா. வந்து சொல்றா, 'உள்ளுக்குள் ஏதோ வெடித்துவிடும்போல இருந்தது. பாத்திரங்களெல்லாம் ஆடின. நான் ஓடிப்போய் வாசலில் நின்றேன்.' ... கேட்டியா? வெடிச்சுடும்போல இருந்தா அழ வேண்டியதுதானே? இல்ல ஒரு ஆட்டோவைப் புடிச்சு வீட்டுக்குப் போ. வாசல்ல போய் எதுக்கு நிக்கணும்? யாரை எதிர்பார்த்து? ஒத்திகை ரூம்ல பாத்திரம் எங்கேர்ந்து வந்துச்சு, அது ஏன் ஆடுச்சு? எவனோ ஏசி ரூம்ல உக்காந்து எழுதின வசனம்க்கா. பக்கா வசனம். அறிக்கைல இதுக்கே ஒரு பாரா வெச்சிருக்கேன். தலைப்பு கேளு: வாசலில் போய் எதற்கு நின்றாள்? எப்படி?"

அந்தப் பக்கம் சிரிப்பு வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

"... இன்னா? ... சரியா கேக்கலக்கா. ... அது இல்லியா? எது இல்ல? ... பர்ஸ்ட்டா? இன்னா பர்ஸ்ட்டு, செகண்டு? யாரு பர்ஸ்ட்டு? ... ஓ. ... ஓ, அந்த பர்ஸ்ட்டா. நம்ம ஊர் பர்ஸ்ட்டு."

அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. தங்கவயலுக்கு வெளியே யாரும் அதை அப்படிச் சொல்வதில்லை. பூமிக்கு அடியில் மைல் கணக்கான ஆழத்தில் பாறை பாரம் தாங்காமல் சிதறினால், மேலே லைன் வீடுகள் குலுங்கும். அலமாரியில் அடுக்கிய பாத்திரங்கள் தடதடவென்று ஆடும். சுரங்கத்து இங்கிலீஷில் ராக் பர்ஸ்ட், பாறை வெடிப்பு; ஊர் வாயில் அது வெறும் பர்ஸ்ட். அடித்த அடுத்த நொடி ஒருத்தரும் உள்ளே இருக்கமாட்டார்கள். வரிசை முழுக்க, கையில் என்ன இருந்ததோ அதோடு, வாசலுக்கு ஓடிவந்து நிற்பார்கள். சுரங்கம் மூடியபிறகும் எப்போதாவது ஒருமுறை அடித்ததுண்டு. அம்மாவின் இடுப்பில் இருந்தபடி அவளும் ஒருதரம் அப்படி வாசலில் நின்றிருக்கிறாள்.

"ஆமாக்கா, பர்ஸ்ட் அடிச்சா வாசலுக்குத்தான் ஓடுவாங்க. ... ஆமா, பாத்திரம் ஆடும். ... ஆமா. ... ஆமா, அப்படிப் பார்த்தா அந்த வசனம் சரியாத்தான் வருது. 'பர்ஸ்ட் அடிச்ச மாதிரி இருந்துச்சு, பாத்திரம் எல்லாம் ஆடுற மாதிரி, நான் வாசலுக்கு ஓடி வந்து நின்னுட்டேன்'... அதை எவனோ தெரியாதவன் 'வெடித்துவிடும்போல'ன்னு மாத்திட்டான். ... ஆமா, மாத்திட்டான். ... அப்போ அவ நம்ம ஊர்க்காரி. ... இரு. ... இரு, இரு அக்கா."

அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நீ படம் பாக்கலன்னு சொன்ன. ... சரி, பார்த்தன்னே வெச்சுக்குவோம். ஆனா படத்துல 'பர்ஸ்ட்'ங்கிற சொல்லே இல்ல. நான் ரெண்டு தடவை பார்த்தேன், நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அந்த நடிகை 'வெடித்துவிடும்'னுதான் சொல்றா. அதுக்கு முன்னாடி, கேமரா முன்னாடி, அந்தப் பொம்பள சொந்த வாயால இன்னா சொன்னாங்கிறது... அது உனக்கு எப்படி..."

கேள்வியை அவள் முடிக்கவில்லை. கையை நீட்டி ஸ்பீக்கரை அணைத்தாள். போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள்.

"அக்கா."

"அக்கா, ஸ்பீக்கரை அணைச்சிட்டேன். பேசு. ... பேச வேணாம்னா பேசாத. லைன்ல மட்டும் இரு."

கீழே பேக்கரியில் யாரோ ரொட்டி வெட்டும் மெஷினை ஓட்டினார்கள். தரை லேசாக அதிர்ந்தது.

"... ம். ... ம். ... அப்போ உனக்கு இன்னா வயசு? ... என்னைவிட சின்னவ. ... ம். ... எந்தப் பாட்டு அப்போ? ... அது எனக்குப் பிடிச்ச பாட்டுக்கா. ... இல்ல, சொல்லு, நான் ஒண்ணும் சொல்லல. ... அக்கா, ஒண்ணு கேக்கட்டா? பொங்கலுக்கு ஊருக்கு வந்தப்போ எனக்கு அவர்கிட்டேர்ந்து கையெழுத்து வாங்கிக்கினு வந்தியே. 'சங்கமித்ராவுக்கு'ன்னு பேர் போட்டு. அது இதுக்கு முன்னாடியா, பின்னாடியா? ... பின்னாடியா? ... இது நடந்தப்புறம் அந்த ஆள் முன்னாடி போய் நோட்டை நீட்டினியா? எனக்காகவா? ... நான் கேட்டேனா? நான் சின்னப்புள்ளக்கா, நான் ஆயிரம் கேப்பேன்! ... அழுதேனா? கையெழுத்து இல்லாம வராதன்னு சொன்னேனா? ... ஐயோ."

அவள் பேனரைப் பார்த்தாள். பிறகு பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஏன் அப்பவே சொல்லல? ... ஆமா, யார்கிட்ட சொல்லுவ. எங்கிட்டயா சொல்லுவ? நான்தான் அந்த மூஞ்சியைக் கணக்கு நோட்டு அட்டைல ஒட்டி வெச்சிக்கினு இருந்தேன். ... உன் வீட்டுக்காரர், குணா மாமாவுக்குத் தெரியுமா? ... அவர்தான் ஷூட்டிங்குக்குக் கூட்டிக்கினு போனாரா? ... நல்லது. நல்ல ஆளு. உன் கல்யாணத்துல நான் அவரை மொக்கைன்னு சொன்னேன், வாபஸ். ... சிரிக்கிறியா அழுவுறியா? ... ரெண்டுமா. சரி."

படிக்கட்டில் செருப்புச் சத்தம் இன்னும் வரவில்லை. மாமாவின் பேச்சு மட்டும் 'சார், சார்' என்று தூரத்தில் கேட்டது.

"அக்கா, இப்போ நான் சொல்றதைக் கேளு. கேட்டுட்டு திட்டு. நான் தனியா இல்ல. ஆரம்பத்துலேர்ந்தே இல்ல. மன்றத்துலேர்ந்து பேசுறேன், பால்ராஜ் மாமா எதிர்ல உக்காந்து எல்லாத்தையும் கேட்டுக்கினு இருந்தார். ... இல்ல, இல்ல, இதைக் கேக்கல! நீ பர்ஸ்ட்டுன்னு சொல்றதுக்கு முன்னாடியே அவர் வெளிய போயிட்டார். சத்தியமா. ... நான்தான் பொய் சொன்னேன். ஆமா. ... திட்டுக்கா. ... ஏன் திட்ட மாட்ற? ... வரார். லைன்ல இரு. கட் பண்ணாத."

பால்ராஜ் மாமா உள்ளே வந்தார். முகத்தில் ஒரு நிம்மதி. போன் மேசையில் இல்லாமல் அவள் காதில் இருப்பதைப் பார்த்து, என்ன சொல்கிறாள் என்று வாயசைத்துக் கேட்டார்.

"ஒண்ணும் இல்ல மாமா, தொண்டை கட்டிக்கிச்சாம். சார்ஜ் கம்மி, ஸ்பீக்கரை எடுத்துட்டேன். ... ஆமாக்கா, மாமாதான். இப்பதான் வந்தார்."

மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ரொம்பக் கெஞ்ச வேண்டாம் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். இப்போது பேசியது ஓஸ்வால்டின் மேனேஜர்தானாம். நான்காவது பெண் அந்த வருடத்து கோரஸில் இருந்த ஊர்ப் பெண் என்கிறவரைக்கும் அவர்களுக்குத் தெரிந்துவிட்டதாம். மூன்று பேரில் யார் என்பதுதான் தெரியவில்லையாம். அதனால்தான் மூன்று பேரிடமும் வீடியோ கேட்கச் சொன்னார்களாம். கொடுக்கிறவள் அவளில்லை. கொடுக்காதவள் யாரோ, அவள்தான். யாமினி மாட்டேன் என்றால் அதுவும் ஒரு பதில்தான் என்று சொல்லி, அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இதற்கா என்னைக் கேட்கச் சொன்னார்? அக்கா தங்கச்சி உறவை வைத்து சங்கமித்ரா போட்டுக்கொண்டிருந்தது உதவி அல்ல, தூண்டில். அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமல், அந்தப் பக்கமும் தெளிவாகக் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்.

"இன்னா மாமா சொல்றீங்க? மூணு பேர்ல எவ வீடியோ குடுக்கலையோ அவதான் அந்த நாலாவது பொம்பளன்னு அர்த்தமா? அதைக் கண்டுபுடிக்கத்தான் என்னை உக்கார வெச்சு போன் அடிக்கச் சொன்னீங்களா? ... கேட்டியாக்கா? ... லைன்ல இரு. ஒண்ணும் சொல்லாத. நான் பேசிக்கிறேன்."

மாமா பதறிப்போய்ச் சைகை காட்டினார், போனை மூடு, மூடு என்று.

"ஏன் மூடணும்? நீங்க வெளிய போனப்புறம், தொண்டை கட்டினாலும் பரவால்ல, வீடியோ குடுக்குறேன்னுதான் அக்கா சொல்லிச்சு. இப்பவே வா, வீட்டுக்கே வான்னு சொல்லிச்சு. நான்தான் வேணாம்னேன். ... நான்தான் மாமா! ... ஏன்னா எனக்கு அந்த ஆள்மேல நம்பிக்கை போச்சு. ... இப்பதான். இந்த நிமிஷம்தான். ... எவளும் எதுவும் சொல்லல. அந்த நாலாவது பொம்பள பேசினதை ரெண்டு தடவை பார்த்தேன், ஒரு தடவைகூடக் காதால கேக்கல. இப்ப படிச்சுக் காட்டுறப்போ கேட்டுச்சு. அது வசனம் இல்ல மாமா. வசனமா இருந்திருந்தா இதைவிட நல்லா எழுதியிருப்பான். எவனுக்கும் புரியாத மாதிரி எதுக்கு எழுதணும்?"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நீங்கள், வாங்கள் என்று இதுவரை இருந்த மரியாதை அந்த இடத்தில் அவள் வாயிலிருந்து நழுவியது.

"துரோகியா? நானா? சரி, துரோகின்னே வெச்சுக்கோ. பேனர் அடிச்சு அந்தாளு பக்கத்துல என்னை மாட்டு. ... அறிக்கையா? நீயே எழுதிக்கோ மாமா, நான் எழுத மாட்டேன். ... சுஹாஸா? சுஹாஸுக்கு நாளைக்குத் தனியா பதில் சொல்லிக்குறேன், அவனுக்குப் பயந்துக்கினு நம்ம வீட்டுப் பொண்ணுங்க வாயை நான் மூட முடியாது. அவன் சொல்றது பொய். அதுக்காக ஓஸ்வால்ட் சொல்றது உண்மை ஆகிடாது. இவ்ளோ நாள் அது எனக்குப் புரியல. ... இன்னா? பிரிஜெட்டக்காவும் ஆஞ்சலாக்காவும் குடுத்தாங்களேன்னா? அவங்க எதுக்குப் பயந்துக்கினு குடுத்தாங்கன்னு இப்பதான் எனக்குச் சந்தேகமே வருது. நேத்து பிரிஜெட்டக்கா அந்த ரெண்டு வரியை எட்டு தடவை தப்பாச் சொன்னாங்களே, நாம சிரிச்சோமே. நினைப்பு கீதா?"

க்ளென் வயர் சுருளோடு வாசற்படியில் நின்றான். உள்ளே வருவதா வேண்டாமா என்று தெரியாமல் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"க்ளென், வா. கேமராவைப் போடு. வீடியோதானே வேணும், என்னை எடு. நான் பேசுறேன். மன்றம் எதுக்காக ஊர்ப் பொண்ணுங்ககிட்ட வீடியோ கேக்குதுன்னு நானே சொல்றேன். ... இன்னா மாமா, வேணாமா? அப்போ ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. அந்த மூணு பேர்ல எவ பேராவது நாளைக்கு உன் வாயிலேர்ந்தோ அந்த மேனேஜர் வாயிலேர்ந்தோ வந்துச்சுன்னா, பிரஸ்காரங்க முன்னாடி மைக்கைப் புடுங்கி நான் பேசுவேன். இங்கிலீஷ்ல பேசுவேன். கன்னடத்துலயும் பேசுவேன். அதுக்குத்தானே படிக்க வெச்சீங்க?"

பால்ராஜ் மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அவள் கையிலிருந்த போனையே கொஞ்சநேரம் பார்த்தார். அவருக்குப் புரிந்ததா, புரியவில்லையா என்பது அந்த முகத்தில் தெரியவில்லை. அவருக்கும் இரண்டு மகள்கள். சின்னவளைப் பாட்டு வகுப்பில் போட்டிருக்கிறார். கடைசியில் அவர் க்ளெனைப் பார்த்து, விளக்கை அணைத்துவிடு, கரண்ட் வீண் என்று மட்டும் சொன்னார்.

சங்கமித்ரா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். பேக்கரியைத் தாண்டி, நின்ற பைக்குகளுக்கு நடுவே புகுந்து, தெருமுனை வந்தபிறகுதான் பேசினாள்.

"அக்கா? ... கீறியா? ... எல்லாம் கேட்டுச்சா? ... தெரியல. மாமாவுக்குச் சந்தேகம் இருக்கத்தான் இருக்கும். நான் நடுவுல பூந்து குழப்பி விட்டுட்டேன், இனிமே சந்தேகப்படணும்னா என்னைத்தான் முதல்ல படணும். ... படட்டும். ... ஆபீஸா? ஆபீஸ்ல இன்னா பண்ணிடுவாங்க? ... அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன். உன் பேர் வராது. ... வராதுக்கா. நீயா ஒருநாள் சொல்லணும்னு தோணினா சொல்லு, தோணலன்னா வேணாம். ... மன்னிப்பெல்லாம் போன்ல கேக்க மாட்டேன். நேர்ல வந்து கேக்குறேன். ... இப்பதான். இந்திராநகர்ல மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்ல மாறி வந்துடுறேன். ... எதுக்கா? ... ஒண்ணும் பேச மாட்டேன். கேள்வி கேக்க மாட்டேன். ... நானா? நான் பேசாம இருப்பேன்க்கா, நம்பு. கொஞ்ச நேரமாவது இருப்பேன்."

ஒரு பஸ் ஒலியெழுப்பிக்கொண்டு போனது. அவள் காதைப் பொத்திக்கொண்டு காத்திருந்தாள்.

"அக்கா, அன்னிக்கு வாசல்ல எவ்ளோ நேரம் நின்ன? ... யாருமே வரலியா? ... ம். ஊர்லன்னா லைன் முழுக்க வந்திருக்கும். பர்ஸ்ட் அடிச்சா ஒருத்தரைத் தனியா நிக்க விடமாட்டாங்கல்ல? ... ஆமா. ... அப்போ ஒண்ணு பண்ணு. கதவைத் திறந்துக்கினு நீ வாசல்ல வந்து நில்லு. நான் வந்து பக்கத்துல நிக்கிறேன். லேட்டுதான். ரொம்ப லேட்டு. ஆனா வரேன். ... சரியா? ... இன்னா? ... சத்தமா சொல்லு, கேக்கல. ... குக்கரா?"

அந்தப் பக்கத்திலிருந்து நீளமாக ஒரு விசில் கேட்டது. இந்தமுறை நிஜமான விசில்.

"அடப்பாவி, நிஜமாவே குக்கர் வெச்சிருக்கியா! போய் அணைச்சிட்டு வா. வாசலுக்கு வா. ... வெச்சிடு, வெச்சிடு, தீஞ்சிடும். ... ஆ, ஜெய்பீம்."

இந்தமுறை அந்தப் பக்கத்துக் குரல் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி சத்தமாக வந்தது. பிறகு லைன் துண்டானது.